உள்ளீட்டுத் தூய்மைக் குழு

ஜெய்சன் எழுந்தான். மோட்டாரைப் போட்டான். தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் அணைத்தான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்காமல், முன்னறைக்கும் அடுக்களைக்குமாக நடந்தான். பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்தான். மிச்சத்தில் காப்பி போட்டுக் குடித்தான். பல் தேய்த்தோமா என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு தடவை தேய்த்தான். குளித்தான். கொடியில் கைக்கு வந்த சட்டையைப் போட்டான். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். தெருமுனை வரை பைக்கில் போய், திரும்பி வந்து, மறுபடி இழுத்துப் பார்த்தான். பிறகு பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி, ஜங்ஷன் நெரிசலில் புகுந்து, டவுன் வழியாகப் பேட்டைக்குப் போனான்.

மனைவி கெசியா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காலைகளைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பேட்டையில் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு பழைய சரக்குக் கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, முகப்பில் நான்கு தூண் நிறுத்தித் தொடங்கப்பட்டதுதான் வாகைமலர் கலை அறிவியல் கல்லூரி. தூண்கள் எதையும் தாங்கவில்லை. ஆனால் கல்லூரி என்றால் தூண் வேண்டும் என்று தாளாளர் அம்மையப்பன் எங்கோ பார்த்திருந்தார். ஜெய்சன் அங்கே கணினித் துறையில் ஆசிரியர். கெசியாவும் அங்கேதான் ஆசிரியையாக இருந்தாள். ஒரே துறை, ஒரே ஆய்வகம், ஒரே பைக்.

முதலாண்டுப் பிள்ளைகள் பழகுவதற்காக அவள் ஒரு சின்னக் கணிப்பான் எழுதி வைத்திருந்தாள். இரண்டு எண் கேட்கும். கூட்டவா, கழிக்கவா, பெருக்கவா, வகுக்கவா என்று கேட்கும். விடை சொல்லும். அவ்வளவுதான். இந்த மாதிரி நிரல்களை எல்லாரும் எழுதுவார்கள். எண் கேட்ட இடத்தில் யாராவது பெயரை அடித்துவிட்டால் அவை ஆங்கிலத்தில் நாலு வரி கத்திவிட்டுச் செத்து விழும். கெசியாவினுடையது சாகாது. முதலில் வந்தது எண்தானா என்று பார்க்கும். இல்லை என்றால் இப்படிச் சொல்லும்: “இது எண் இல்லை. பரவாயில்லை, இன்னொரு தடவை போடுங்க.” பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால், “இது முடியாதுங்க. உங்க தப்பு இல்லை, கணக்கே அப்படித்தான்” என்று சொல்லும். எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் குரல் உயராது. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, கீபோர்டைத் தொடவே தயங்குகிற பிள்ளைகளுக்காக அவள் அப்படி எழுதினாள். அவள் போன பிறகும் அது சொல்லிக்கொண்டிருந்தது. ஜெய்சன் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பான். எங்காவது ஒரு பிள்ளை தப்பாகப் போட்டிருக்கும். அந்தத் திரையைத் தாண்டும்போது மட்டும் அவன் நடை கொஞ்சம் தாமதப்படும்.

சனியன் பிடித்தது தர மதிப்பீட்டால். வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து கல்லூரியைப் பார்த்துத் தரம் போடப் போகிறது என்று கடிதம் வந்தது. உடனே தூண்களுக்கு மறுபடி வெள்ளை அடித்தார்கள். ஒத்திகை பார்க்க அம்மையப்பன் ஆய்வகத்துக்குள் வந்தார். கணினி முன்னால் உட்கார்ந்து, “எங்க, கணக்குப் போடுவோம்” என்றார். பின்னால் முதல்வர் சத்தியநேசன், தமிழ்த்துறைத் தலைவி ராஜராஜேஸ்வரி, பூங்கொத்தோடு நான்கு மாணவிகள்.

அம்மையப்பன் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். திரை சொன்னது: “இது எண் இல்லை. பரவாயில்லை, இன்னொரு தடவை போடுங்க.”

இன்னொரு தடவை போட்டார். அதே பதில். மூன்றாவது தடவையும். ஒரு மாணவியின் பூங்கொத்து லேசாகக் குலுங்கியது.

ஜெய்சன் குனிந்து பார்த்தான். அவர் ஒவ்வொரு தடவையும் எண்ணுக்கு முன்னால் ‘உ’ என்று பிள்ளையார் சுழி போட்டிருந்தார். கணினியில் தமிழ் அடிக்க முடியும் என்பதைக் கல்லூரி விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதை அவர் நம்பிவிட்டார்.

“தம்பி, நாப்பது வருசமா பிள்ளையார் சுழி போடாம நான் ஒரு காகிதத்துல கை வச்சதில்ல” என்றார் அம்மையப்பன். “பத்திரத்துல போட்டிருக்கேன், சார்பதிவாளர் வாங்கிக்கிட்டான். பேங்க்காரன் வாங்கிக்கிட்டான். இது வாங்க மாட்டேங்குது. அதுகூடப் பரவாயில்ல வே. என்னப் பாத்து ‘பரவாயில்லை’ங்குதே, அது யாரு எனக்குப் பரவாயில்லன்னு சொல்ல? இந்தக் காலேஜுல அப்படிச் சொல்லுத அதிகாரம் எனக்கு மட்டுந்தான உண்டு?”

ஒரு வரி சேர்த்தால் போதும், முன்னால் ‘உ’ வந்தால் விட்டுவிட்டு மிச்சத்தைப் படித்துக்கொள்ளும் என்றான் ஜெய்சன். ஐந்து நிமிட வேலை.

“பிள்ளையார வாசல்லயே நிறுத்திட்டு நம்பர மட்டும் உள்ள கூப்பிடச் சொல்லுதீரா?”

அப்படி ஒரு கோணம் இருப்பதை ஜெய்சன் யோசித்திருக்கவில்லை. பிள்ளையாரையும் சேர்த்துக் கூட்ட முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. முதல்வர் சத்தியநேசன் முன்னால் வந்து, இது தனி மனிதர் தீர்க்கிற விஷயம் இல்லை, ஒரு குழு போடலாம் என்றார். அறைக்குள் நிம்மதி பரவியது. அன்று சாயங்காலமே உள்ளீட்டுத் தூய்மைக் குழு பிறந்தது. முதல்வர் தலைவர். ராஜராஜேஸ்வரி அம்மையார் மொழி ஆலோசகர். ஜெய்சன் கேட்டதைச் செய்கிறவன். தாளாளர் குழுவில் இல்லை. ஆனால் எல்லாக் கூட்டத்திலும் இருந்தார்.

முதல் கூட்டம் தவறு யார் மேல் என்று ஆராய்ந்தது. பயன்படுத்தியவர் மேல் தவறு இல்லை, ஏனென்றால் அவர் தாளாளர். கணினி மேல் தவறு இல்லை, ஏனென்றால் அதை வாங்கியவர் தாளாளர். ஆகவே இரண்டுக்கும் இடையில் பயணம் செய்த எண்ணின் மேல்தான் தவறு என்று ஒருமனதாக முடிவாயிற்று. இனி எந்த எண்ணும் சோதிக்கப்படாமல் கணினிக்குள் போகக்கூடாது. சோதிப்பதைக் கணினியே செய்கிறது என்று ஜெய்சன் மெல்லச் சொன்னான். கணினியை நம்பினால் குழு எதற்கு என்று முதல்வர் கேட்டார். 

மறுநாள் ஆய்வக வாசலில் ஒரு மேசை போட்டார்கள். ஆய்வக உதவியாளர் மதார் அதன் பின்னால் ரப்பர் முத்திரையோடு உட்கார்த்தப்பட்டார். மேலப்பாளையத்துக்காரர், ஜெய்சனைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கணிப்பானைப் பயன்படுத்த விரும்பும் மாணவர், எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டி, முத்திரை வாங்கித்தான் உள்ளே போகவேண்டும்.

“என்ன சாரே, தொண்ணூத்தொம்பது வரைக்கும் நானே சீல் குத்தலாமாம்” என்று மதார் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அதுக்கு மேலன்னா பிரின்சிபால் பாக்கணுமாம். நான் பத்தாங்கிளாஸ்ல கணக்குலதான் வே ஃபெயிலு. இப்பம் நம்பருக்கே நான்தான் ஆபீசரு.”

எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியவேண்டும் என்று இரண்டாவது கூட்டம் சேர்த்தது. சும்மா மனதில் தோன்றிய எண்கள் ஆதாரமற்றவை. பிள்ளைகள் விவரம் அறிந்தவர்கள். கதவிலக்கத்தையும் தாத்தாவின் வயதையும் கொண்டு வந்தார்கள். வள்ளியூரிலிருந்து வரும் ஒரு பெண் தான் வந்த பேருந்தின் எண்ணைக் கொண்டு வந்து, அதைத் தன் அம்மாவின் வயதால் பெருக்கிவிட்டுப் போனாள். வரிசை நூலகத்தைத் தாண்டி நின்றது. நூலகத்தின் பக்கம் அவ்வளவு மாணவர்களைப் பார்த்ததில்லை என்று முதல்வர் மகிழ்ந்து, அதைப் படமெடுத்து மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

பூஜ்யத்துக்குத் தனிக் கூட்டம் நடந்தது. சத்தியநேசன் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பிரசங்கம் செய்கிறவர். எழுந்து நின்று கைகளைக் கோத்துக்கொண்டார்.

“பூஜ்யம் என்பது ஒன்றும் இல்லாதது. ஒன்றும் இல்லாதவர்களை நாம் ஒதுக்கக் கூடாது. அது நம் நிறுவனத்தின் கொள்கை. அவர்கள் எண்களோடு எண்களாகப் பின்னால் நிற்கட்டும், மதிப்பைக் கூட்டட்டும். பத்துக்குப் பின்னால் நிற்கட்டும், நூறுக்குப் பின்னால் நிற்கட்டும். ஆனால் கீழே வந்து வகுக்க மட்டும் விடக்கூடாது. விட்டால் மொத்த அமைப்பும் நின்றுபோகும்.”

கை தட்டினார்கள். ராஜராஜேஸ்வரி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழித்தலைப் பற்றித் தாளாளருக்கே ஒரு கருத்து இருந்தது. “ஒரு பிள்ள சும்மா இருக்க மாட்டாம, சேந்தவன் எத்தன, பாதியில நின்னவன் எத்தனன்னு கழிச்சுப் பாத்துட்டா என்ன ஆகும்? நம்ம பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரிஞ்சாப் போதும் வே. கழிக்கதெல்லாம் வெளிய போயி, சொந்தச் செலவுல படிச்சுக்கிடட்டும்.” கழித்தல் நீக்கப்பட்டது. அதோடு எதிர்மறை எண்களும், அவை எதிர்மறைச் சிந்தனையை வளர்ப்பதால், போயின. புள்ளி வைத்த எண்களும் போயின. பாதி, கால் என்று பேச ஆரம்பித்தால் ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுகிற சம்பளத்துக்கும் வாங்குகிற சம்பளத்துக்கும் நினைவு ஓடும் என்று அம்மையப்பனே விளக்கினார். கூட்டத்துக்கு வந்திருந்த ஆசிரியர்கள் தலையாட்டினார்கள்.

இவை எல்லாவற்றையும் ஜெய்சன் செய்துகொடுத்தான். சொன்னதை நிரலில் ஏற்றுவான், எழுந்து வராண்டாவில் நடப்பான், திரும்பி வந்து அடுத்ததை ஏற்றுவான். அவனுக்கு இதில் கோபம் வரவில்லை. கோபம் என்று ஒன்று முன்பு வந்துகொண்டிருந்தது, அதைக் காணவில்லை. நான்காவது கூட்டத்தில்தான் அவன் காலை மாற்றி நின்றான்.

அந்தக் கூட்டத்தின் பொருள், ‘பரவாயில்லை’.

தவறு செய்தவரைப் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்ல நிரலுக்கு அதிகாரம் இல்லை என்று குழு கண்டது. அந்த வரியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ராஜராஜேஸ்வரி அம்மையார் அருளிய வாசகத்தைப் போடவேண்டும். அம்மையார் எழுந்து வாசித்தார்: “பெருமதிப்பிற்குரிய பயனாளர் பெருந்தகையீர், தாங்கள் உவந்தளித்த உள்ளீட்டினை ஏற்கும் பேறு இந்நிரலுக்கு இன்னும் வாய்க்கவில்லை. நிரலின் சிறுமையைப் பொறுத்தருள்க.”

அது திரையின் அகலத்துக்குள் அடங்காது என்றான் ஜெய்சன்.

“திரையைப் பெரிசா வாங்குங்க” என்றார் அம்மையார்.

பழைய வரி பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றான். அவன் ஒரு கூட்டத்தில் இரண்டு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. முதல்வர் கனிவாகப் பார்த்தார். கெசியா எழுதியது என்பது குழுவுக்குத் தெரியும், குழுவுக்கும் இதயம் உண்டு, ஆனால் இதயம் ஒரு அதிகாரப்பூர்வமான உறுப்பு அல்ல என்றார்.

ஜெய்சன் ஆய்வகத்துக்குப் போனான். அந்த வரியைத் தேடி எடுத்தான். கொஞ்ச நேரம் விரல் நீக்கும் பொத்தானின் மேல் இருந்தது. பிறகு வரியை நீக்கினான். வீட்டு மடிக்கணினியில் ஒரு பிரதி இருந்தது. ஆனால் அங்கே தப்பாகப் போட ஆள் இல்லை. வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பார்த்தான் ஒரு நாள். அது அவள் சொல்லுகிற மாதிரி இல்லை.

புது வாசகம் வந்த அன்று, ஒரு பையன் எண்ணுக்குப் பதில் தன் பெயரை அடித்துவிட்டு, பெருந்தகையீர் என்று வந்ததைப் பார்த்துப் பயந்து, ஆய்வகத்தை விட்டு ஓடினான். மறுபடி வரவில்லை.

அந்த வரியை எடுத்தது முதல்வரின் மனதை உறுத்தியிருக்கவேண்டும். அல்லது மதிப்பீட்டுக் கோப்பில் ‘நினைவைப் போற்றும் பண்பு’ என்று ஒரு பகுதி காலியாக இருந்திருக்கவேண்டும். கணிப்பானுக்குக் ‘கெசியா நினைவுக் கணிப்பான்’ என்று பெயர் வைக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். திறந்ததும் முதல் திரையில் அவள் படம் வரும். படத்துக்குக் கீழே அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை வரும்.

பாளையங்கோட்டைச் சபைக் குடும்பங்களில் அது ஒரு வழக்கம். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எப்படி ஆச்சு என்று முதலில் கேட்பார்கள். கடைசியாக என்ன சொன்னார் என்று அடுத்துக் கேட்பார்கள். அது ஒரு வசனமாகவோ பாட்டின் முதல் அடியாகவோ இருந்தால் கேட்டவர்களுக்கு ஆறுதல். நினைவு அட்டையில் அதை அச்சடிப்பார்கள். கெசியா காய்ச்சலில் போனாள், ஆஸ்பத்திரியில், மூன்று நாளில். ஜெய்சனிடம் எத்தனையோ பேர் கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. அட்டையில் அந்த இடத்தில் ஒரு லில்லிப் பூ போட்டிருந்தார்கள்.

இப்போது குழுவே கேட்டது.

“சாதாரணமாத்தான் ஒண்ணு சொன்னா சார்” என்றான் ஜெய்சன்.

“எதைப் பற்றி?”

“சாப்பாடு பத்தி.”

முதல்வர் நிமிர்ந்தார். சாப்பாடு என்றால் அப்பம். அப்பம் என்றால் ஆத்துமாவின் அப்பம். “என் ஆத்துமா பரம அப்பத்தால் திருப்தியாயிற்று” என்று தாளில் எழுதி, அவள் இந்தப் பொருளில்தான் சொல்லியிருக்கவேண்டும் என்றார். கல்லூரி எல்லாச் சமயத்தாருக்கும் பொது, ஆத்துமா ஒரு தரப்பாகத் தெரிகிறது என்று ராஜராஜேஸ்வரி அம்மையார் திருத்தினார். பசி என்பது பொதுவானது. பசிகளில் உயர்ந்தது அறிவுப்பசி என்று இன்னொரு தாளில் எழுதினார். அம்மையப்பன் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இதில் நம்ம காலேஜ் எங்கே என்று கேட்டார்.

ஐந்தாவது கூட்டத்தின் முடிவில் கெசியாவின் கடைசி வார்த்தை ஒருமனதாக நிறைவேறியது: “இக்கல்லூரியில் என் அறிவுப்பசி தீர்ந்தது.”

அவ இதச் சொல்லல என்றான் ஜெய்சன். சொல்லவில்லை என்பதைக் குழு பதிவு செய்துகொண்டது.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் வள்ளியூரிலிருந்து போன் வந்தது. கெசியாவின் அம்மா, சாரம்மாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஜெய்சன் போனைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தான்.

“மாப்பிள்ள, ஒங்க பிரின்சிபால் ஒரு படம் அனுப்பிருக்காவ. பிள்ள படம். கீழ எழுதியும் இருக்கு.”

“ம்.”

“அதத்தான் சொன்னாளா?”

ஜெய்சன் நடந்தான். உச்சி வெயில்.

“நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லியே. நான் வெசனப்படுவேன்னு மறச்சிட்டீங்க போல.” மூக்கைச் சிந்தினாள். “நல்ல வார்த்ததான். குத்தம் சொல்லல. ஆனா எங்கள ஒரு வார்த்த தேடலியா அவ? அம்மா எங்கன்னு கேக்கலியா? காலேஜத்தான் நெனச்சாளா?”

இல்லை அத்தை என்று சொல்லியிருக்கலாம். அது எந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று அவளுக்குப் புரிந்திருக்காது. முழுவதும் சொல்லவேண்டும். போனில் சொல்கிற விஷயமாக அது இல்லை. மதிப்பீட்டு நாளில் நடக்கிற கணிப்பான் திறப்பு விழாவுக்கு வாறீங்களா என்று கேட்டான். காலேஜிலிருந்து கார் அனுப்புகிறார்களாம், வருவேன் என்றாள்.

போனை வைத்துவிட்டு நேரே முதல்வர் அறைக்குப் போனான். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. அந்த வரியை எடுத்துவிடவேண்டும் என்றான். அவள் அம்மா அதை நம்பிவிட்டாள், நம்பி வேதனைப்படுகிறாள் என்றான்.

சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றினார். குழு ஏற்ற ஒன்றை எடுக்க முடியாது, குழு ஏற்கிற இன்னொன்றைத்தான் அதன் இடத்தில் வைக்கலாம் என்றார். சரி, உண்மையில் சொன்னதைச் சொல்கிறேன், அதைப் போடுங்கள் என்றான் ஜெய்சன்.

“சொல்லுங்க. ஆனா அது அவங்க சொன்னதுதான் என்பதற்கு யார் சாட்சி?”

“நான்.”

“நீங்கதான் உள்ளீடு கொடுக்கிறவர் ஜெய்சன். உள்ளீடு கொடுக்கிறவரே அதைச் சரிபார்க்கக் கூடாது. உங்க பாடத்துல அதுதானே முதல் விதி?” அவர் குரலில் உண்மையான அன்பு இருந்தது. “துக்கத்துல இருக்கிறவங்க நினைவுல பிழை வரும். அதுக்குத்தான் குழு.”

ஜெய்சன் வெளியே வந்தான். மதார் மேசையில் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டார். ஜெய்சன் சொன்னான்.

“எங்க ஊர்ல மவுத்தானவங்க பேச்ச இப்படித் திருத்துனா அடி விழும் வே” என்றார் மதார். “எனக்குந்தான் நாளைக்கு என்ன எழுதுவானுவளோ. நான் இப்பமே ஏதாச்சும் நல்லதாச் சொல்லிவச்சு, சீல் குத்தி வச்சுக்கிடணும்.”

ஜெய்சனுக்குச் சிரிப்பு வந்தது. வந்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

மதிப்பீட்டுக்கு முந்தின நாள் கடைசிக் கூட்டம் நடந்தது. இத்தனை சோதனைக்கும் பிறகு, வருகிற விருந்தினர் ஏதாவது தப்பாக அடித்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மையப்பன் கேட்டார்.  எல்லாத் தவறும் எந்த வழியாக வருகிறது என்று முதல்வர் யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்தார். ஆய்வகத்தின் அத்தனை கீபோர்டுகளும் கழற்றப்பட்டு, முதல்வர் அறை பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டன. கெசியாவின் படத்துக்கும் வரிக்கும் பக்கத்தில், குழு ஏற்ற ஒரே கணக்கு மட்டும் திரையில் நிரந்தரமாக நிற்கும்படி ஜெய்சன் செய்துகொடுத்தான். இருபத்தைந்தை ஐந்தால் வகுத்தால் ஐந்து. இருபத்தைந்து கல்லூரி தொடங்கிய தேதி. ஐந்து, தாளாளர் வீட்டுக் கதவிலக்கம். அதற்கு மேல் அவர் பெயர். பெயருக்கு மேல், தங்க நிறத்தில், ஒரு பெரிய ‘உ’.

மறுநாள் மதிப்பீட்டுக் குழுவின் தலைவி வந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை, அதிகம் பேசாதவர். ஆய்வகத்துக்குள் வந்து, வரிசையாக இருந்த கணினிகளைப் பார்த்தார். மேசைகளில் கீபோர்டு இருந்த இடங்கள் மட்டும் தூசி படியாமல் நீள நீளமாக வெளுத்திருந்தன.

“கீபோர்டெல்லாம் எங்கே?” என்றார்.

சத்தியநேசன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தார். “மேடம், மற்றக் கல்லூரிகளில் தவறு வந்தபிறகு திருத்துகிறார்கள். நாங்கள் வழியையே அடைத்துவிட்டோம். கீபோர்டுகளைப் பூட்டியதிலிருந்து இந்த ஆய்வகத்தில் ஒரு தவறான உள்ளீடுகூட இல்லை. வேறு எந்த நிறுவனமும் இந்தச் சாதனையைச் சொல்ல முடியாது.”

“மாணவர்கள்?”

“அவர்களையும் இன்று வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்தப் பக்கமிருந்தும் தவறு இல்லை.”

தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வாசலில் சாரம்மாளை அழைத்து வந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு துணிப்பை. அம்மையப்பன் தாமே நாற்காலி இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. திரை முன்னால் போய் நின்றாள். மகளின் படத்தைப் பார்த்தாள். கீழே இருந்த வரியை ஆசிரியைகள் வாசிக்கிற மாதிரி உதடு அசைய வாசித்தாள். திரும்பினாள். ஜெய்சன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான்.

“இத்தன பேரு நிக்கையில கேக்கேன்னு நெனைக்காதீங்க மாப்பிள்ள” என்றாள். “ராத்திரியெல்லாம் இதுதான் ஓடுது. இதத்தான் சொன்னாளா எம்பிள்ள?”

முதல்வர் முன்னால் வந்தார். குழு பலமுறை கூடி விவாதித்து ஏற்ற வாசகம் அம்மா இது என்று ஆரம்பித்தார். தலைவி கையை லேசாக உயர்த்தினார். அவர் நின்றுவிட்டார்.

“இல்ல அத்தை” என்றான் ஜெய்சன்.

“தம்பி, அது பாஸானது” என்று அம்மையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். “மதிப்பீடு நடக்குது வே. நாளைக்கு இங்கன வேலைக்கு வரணுமா வேண்டாமா?”

ஜெய்சன் அவரைப் பார்க்கவில்லை.

“நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?” என்றாள் சாரம்மாள்.

“இல்ல. கீழ கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு.”

“அந்நேரத்துல என்ன கடை?”

“பன்னு வாங்கப் போனேன்.”

யாரோ இருமினார்கள். சாரம்மாளின் முகம் மாறியது. அவள் துணிப்பையை மேசையில் வைத்தாள்.

“அவ அப்படிக் கெடக்கையில உங்களுக்கு என்ன மாப்பிள்ள பன்னு?”

“அவதான் அத்தை அனுப்புனா.”

“என்ன சொல்லி அனுப்புனா?”

ஜெய்சன் நடப்பதை நிறுத்தினான்.  அவன் சொன்னான், அவள் சொன்ன மாதிரியே, ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல்.

“இந்த ஊசி போடுத பிள்ள காலையிலருந்து ஒண்ணுமே தின்னலங்க. கீழ போயி ரெண்டு பன்னு வாங்கிட்டு வாங்க. ஒண்ண நீங்க தின்னுக்கிட்டே குடுங்க, இல்லன்னா அவ வாங்க மாட்டா.”